பிரவீனனின் நீல மோட்டார் சைக்கிள்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
09.02.2025

அன்பான தங்கச்சி கீர்த்தனிக்கு,

இங்க வாடை குறைஞ்சு வெயில் பிடிக்கத் தொடங்கியிட்டுது. நானும் அத்தானும் கோணேசர் காவலில இருக்கிறம். உன்ர முதுகு நோ எப்பிடி? அந்தக் குளிருக்குள்ள கவனமா இரு.

போனில கதைக்காமல் ஏன் கடிதம் எண்டு யோசிப்பாய். வீடு சின்னன். நான் கதைச்சா முன் அறையில இருக்கிற இவருக்குக் கேக்கும். இது அவர் கேக்க வேண்டாத கதை.

பிரவீனன் பள்ளிக்கூடத்தில படிக்கேக்க எங்கட றோட்டில படம் ஒண்டு எடுத்தவை, ஞாபகமிருக்கும். கதாநாயகன்ர ஜீப் வரேக்க எங்கட பிள்ளை சைக்கிளில எழும்பி நிண்டு உழக்கி, அதை முந்திப் போய், திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். அரை நிமிசமும் வராது. அவன் போன பிறகு, உயிரோட நடமாடுற பிள்ளையா எங்களிட்ட மிஞ்சினது அது ஒண்டுதான். கலியாண வீடியோ எல்லாத்திலயும் கமராவைக் கண்டா முதுகு காட்டிக்கொண்டு நிப்பான்.

போன கிழமை பக்கத்து வீட்டு இன்ஷிரா வந்தவ. அந்தப் படம் திரும்ப வருகுது, காசு கட்டிப் பாக்கிற ஏதோ ஒண்டில, ஆனா தம்பி சைக்கிளில இல்லை எண்டு சொன்னா. நான் நம்பேல்ல. அவவின்ர வீட்டுக்குப் போய்ப் பார்த்தன். அதே றோட்டு, அதே மத்தியானம், அதே கோடு போட்ட சேட். பிள்ளை மோட்டார் சைக்கிளில போறான். பெற்றோல் தாங்கியில கொம்பனியின்ர பேர் பெரிசாத் தெரியுது. சிரிப்பு மட்டும் அவன்ர சிரிப்பு.

அவன் எவ்வளவு கெஞ்சியும் நான் மோட்டார் சைக்கிள் வாங்க விடேல்ல எண்டு உனக்குத் தெரியும். கடைசியில கூட்டாளியின்ர வண்டியில கந்தளாய் றோட்டில போய்த்தான் முடிஞ்சான். ரெண்டு வருசமாகுது. இப்ப அவனை ஆர் அதில ஏத்தி வைச்சது?

நீ கொம்பியூட்டரில படம் திருத்துற வேலை எண்டு சொன்னனி. இது எப்பிடி நடக்கும் எண்டு எனக்கு விளங்கிற மாதிரி எழுது.

இவர் சுகம். துறைமுகத்தில லோஞ்ச் ஓட்டுற வேலைக்கு லீவு போட்டிருக்கிறார்.

உன்ர அக்கா,
கோணேஸ்வரி


ரொறொன்ரோ
02.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தபால் பெட்டியில் உங்கள் கையெழுத்தைக் கண்டு முதலில் பயந்துபோனேன். இருவரும் இருக்கிறீர்கள் என்ற வரியை வாசித்த பிறகுதான் மிச்சத்தை வாசிக்க முடிந்தது. என் முதுகுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. நாள் முழுக்கக் கதிரையில் இருக்கிற வேலை, அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டதை எழுதுகிறேன். முந்தி படத்துக்கு நடுவில் விளம்பரம் வரும். சனம் எழும்பிக் குசினிக்குப் போய்விடும், இல்லாவிட்டால் தாண்டி ஓட்டிவிடும். படத்துக்குள்ளேயே பொருளை வைத்துவிட்டால் தாண்ட ஏலாது. அதனால் கதாநாயகன் குடிக்கிற சோடா, கட்டுகிற மணிக்கூடு என்று படம் எடுக்கும்போதே வைத்தார்கள். இப்போது அதற்கும் காத்திருக்கத் தேவையில்லை. எடுத்து முடிந்த பழைய படத்தில்கூட மேசையில் இருக்கிற கோப்பை, சுவரில் தொங்குகிற கலண்டர், ஆள் போட்டிருக்கிற சேட், எல்லாம் விற்கக்கூடிய இடம்தான். யார் பார்க்கிறார், எந்த நாடு, என்ன வயது என்று கண்டுபிடித்து, அவரவருக்கு ஏற்ற பொருளை அந்த இடத்தில் வைக்கிறார்கள். ஒரே படத்தை இரண்டு வீட்டில் பார்த்தால் இரண்டு விதமாக இருக்கும். இனி வரப்போகிறது எல்லாம் இப்படித்தான் என்கிறார்கள்.

இதைச் செய்கிற நிறுவனங்கள் இந்த ஊரிலும் பல இருக்கின்றன. பிரவீனனுடைய காட்சியை எங்கே செய்தார்கள் என்று விசாரித்துப் பார்க்கிறேன்.

உங்களுக்கு அதைப் பார்க்க நோகும் என்று தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவன் அதில் சந்தோசமாக இருப்பதுபோல் உங்களுக்குத் தெரியவில்லையா?

அத்தானுக்கு என் அன்பு. நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

உங்கள்
கீர்த்தனி


திருகோணமலை
30.03.2025

அன்பான கீர்த்தனிக்கு,

உன்ர கடிதம் கிடைச்சுது. பங்குனி வெயில் தாங்க ஏலாமல் கிடக்கு. ராவில வளவுக்குள்ளதான் காத்து. மற்றப்படி இருக்கிறம்.

நீ எழுதினது சரிதான். இன்ஷிராவின்ர தங்கச்சி நஸ்ரியா டோஹாவில இருக்கிறா. அவவை அங்க அந்தப் படத்தைப் பார்க்கச் சொன்னம். அங்க பிள்ளை சைக்கிளிலதான் போறானாம். ஆனா முதுகில சாப்பாடு கொண்டுபோற கொம்பனியின்ர பெரிய பை. எனக்கு இரண்டு நாள் ஒண்டும் செய்ய ஏலாமல் போச்சுது. ஒரே பிள்ளை ஒரு ஊரில மோட்டார் சைக்கிள் ஓடுறான், இன்னொரு ஊரில ஆருக்கோ சாப்பாடு காவுறான். இன்னும் எந்தெந்த ஊரில என்னென்ன செய்யிறானோ.

நீ கேட்டதுக்குப் பதில்: ஓம், சந்தோசமாத்தான் இருக்கிறான். அவன் சைக்கிளில போகேக்கையும் சந்தோசமாத்தான் இருந்தவன்.

இன்னொண்டு. அந்த வண்டியின்ர விளம்பரம் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில பெரிசாத் தொங்குது. அதில வண்டி சிவப்பு. பேப்பரில வாறதும் சிவப்பு. படத்தில மட்டும் நீலம். அவனுக்கு நீலம்தான் வேணும் எண்டது வீட்டில எனக்கும் இவருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமையில அவன் போனில கதைச்ச உனக்கும் தெரியும். வேற ஆருக்குத் தெரியும்?

அதை எடுக்கச் சொல்லி ஆரிட்டக் கேக்க வேணும் எண்டு எழுது. நான் எழுதிக் கேக்கிறன்.

சுகமா இரு.
அக்கா


ரொறொன்ரோ
25.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாள் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். வேலை கூடிவிட்டது. உங்கள் கடிதம் மேசையில்தான் இருந்தது. நீங்கள் இருவரும் சுகம்தானே? அங்கே இப்போது கச்சான் காற்று தொடங்கியிருக்கும்.

விசாரித்தேன். படம் எடுத்த அன்று பிரவீனனுக்குப் பதினெட்டு ஆகாததால் அத்தானிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதில் இந்தக் காட்சியை எந்த வழியிலும் எந்தக் காலத்திலும் பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. அப்போது இப்படி ஒன்று வரும் என்று கையெழுத்து வாங்கினவர்களுக்கே தெரிந்திருக்காது. இயக்குநர் படத்தை விற்றுவிட்டார். அவருக்கும் இப்போது ஒன்றும் சொல்ல ஏலாது. மோட்டார் சைக்கிள் நிறுவனம் இந்த வருடக் கடைசி வரைக்கும் அந்த இடத்தை எடுத்திருக்கிறது.

நீங்கள் எழுதிக் கேட்டால் ஒரு இயந்திரம்தான் பதில் அனுப்பும். உங்களை நோகச் செய்ய எழுதவில்லை. அதுதான் உண்மை.

அக்கா, அத்தான் இதைப் பார்த்தாரா? அவர் என்ன சொல்கிறார் என்று ஒரு கடிதத்திலும் நீங்கள் எழுதவில்லை.

அன்புடன்,
கீர்த்தனி


திருகோணமலை
22.06.2025

அன்பான கீர்த்தனிக்கு,

கச்சான் தூக்கி அடிக்குது. உடுப்புக் காயப்போட்டா அரை மணித்தியாலத்தில மொறுமொறு எண்டு வருகுது. நீ சாப்பிடுறியோ, இல்லாட்டி பாணும் தேத்தண்ணியும்தானோ?

அத்தானைப் பற்றிக் கேட்டனி. நான் எழுதாமல் விட்டனான். இப்ப எழுதுறன்.

இவர் லீவு போட்டவர் இல்லை. பிள்ளை போனதுக்குப் பிறகு கப்பலுக்கு ஆள் ஏத்திக்கொண்டு போற லோஞ்சில இரண்டு மூண்டு நாள் ஏறிப் பார்த்தார். கை நடுங்குது எண்டு இறங்கி வந்திட்டார். துறைமுகத்தில நல்ல மனிசர் இருந்தபடியால் இன்னும் பேரை வெட்டேல்ல. வீட்டில கதையும் இல்லை. நான் கேட்டா ஓம், இல்லை, அவ்வளவுதான்.

சித்திரை வருசத்துக்கு இன்ஷிராவின்ர மகன் றிகாஸ் பலகாரம் கொண்டு வந்தவன். அவன்தான் எங்கட ரீவியில அந்தப் படத்தை வைச்சுக் குடுத்திருக்கிறான். நான் குசினியில இருந்து ஓடி வாறதுக்குள்ள இவர் பார்த்திட்டார். நான் பயந்துபோய் நிண்டன். இவர் சிரிச்சார், கீர்த்தனி. நான் இந்த வீட்டில அந்தச் சிரிப்பை மறந்துபோயிருந்தன். 'கோணேசு, நீலம் பார்த்தீரே' எண்டார்.

அண்டையில இருந்து அதைத்தான் போட்டுப் போட்டுப் பாக்கிறார். சோறு போட்டுக் குடுத்தா அதுக்கு முன்னால இருந்து சாப்பிடுறார். ஒருநாள் என்னட்டச் சொன்னார், 'கடைசியா நாங்களே வாங்கிக் குடுத்த மாதிரிக் கிடக்கு' எண்டு. வாங்க விடாதவள் நான்தானே.

எனக்கு அதைப் பாக்க ஏலாமல் நான் குசினிக்குப் போயிடுறன். ஆனா இவர் சாப்பிடுறார், கதைக்கிறார். ஆகையால் நீ ஒருத்தரிட்டயும் கேக்க வேண்டாம். இருக்கட்டும். அப்பிடியே இருக்கட்டும்.

அக்கா


ரொறொன்ரோ
13.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. அத்தான் சிரித்தார் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். இன்றைக்குப் புட்டு அவித்தேன்.

அவர் கிட்ட இருந்து பார்க்கிறபடியால் கேட்கிறேன். காட்சியில் வருகிற றோட்டு வளைவில் பிரவீனன் உடம்பைச் சாய்க்கிற விதம் சரியாக இருக்கிறதா? சைக்கிளில் அவன் இடப்பக்கம் கொஞ்சம் கூடத்தான் சாய்வான். மோட்டார் சைக்கிளில் அவ்வளவு சாய்ந்தால் இயல்பாக இராது என்பார்கள். ஆனால் குறைத்தால் அது அவனாக இராது. பக்கவாட்டில் இருந்து வருகிற வெயில் அவன் கன்னத்தில் விழுகிற இடமும் அப்படித்தான். அத்தானுக்கு ஏதாவது பிழையாகத் தெரிந்தால் எழுதுங்கள்.

இந்தத் துறை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று நீங்கள் நம்பமாட்டீர்கள். இதுவரைக்கும் பொருளைத்தான் மாற்றினார்கள். அடுத்த வருடம் ஆளின் குரலையும் செய்வார்கள். காட்சியில் இருப்பவர் பொருளின் பேரைத் தானே சொல்லுவார். ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்களுடைய பேச்சில் சொல்லுவார். அவனுடைய ஞாயிற்றுக்கிழமைக் கதைகள் சில என் போனில் இருக்கின்றன. அத்தானுக்கு விருப்பமென்றால், அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதுபோல்கூட ஒருநாள் செய்யலாம். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

அத்தான் திரும்ப எழும்பி வருவார் அக்கா. எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

உங்கள்
கீர்த்தனி


திருகோணமலை
10.08.2025

கீர்த்தனிக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில நான் இல்லை. நீ சுகமா இருந்தாச் சரி.

ஒரு மாதமா எங்கட றோட்டு வளைவில பின்னேரத்தில பொடியள் மோட்டார் சைக்கிளோட கூடுறாங்கள். ஒருத்தன் போனைப் பிடிக்க, மற்றவன் வண்டியில ஓடி வந்து, வளைவில சரிச்சு, திரும்பிப் பார்த்துச் சிரிக்க வேணுமாம். படத்தில வாற மாதிரி. அந்தக் கொம்பனியே, அப்பிடி எடுத்து அனுப்புங்கோ எண்டு கேட்டிருக்குதாம். எங்கட வீட்டுக்கு முன்னால வந்து, 'இதுதான் அந்த அண்ணாவின்ர வீடு' எண்டு காட்டுவாங்கள். இவருக்கு அது பெருமையா இருந்தது. வாசலில நிண்டு பார்ப்பார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் றிகாஸ் ஓடினவன். மாமன்ர வண்டி. திரும்பிப் பார்த்துச் சிரிச்சவன், முன்னால மதகு இருந்ததைக் காணேல்ல.

சத்தம் கேட்டு முதல் ஓடினது இவர்தான். நான் போகேக்க பிள்ளையைத் தூக்கி மடியில வைச்சிருந்தார். சாரம் முழுக்க ரத்தம். ஓட்டோவை மறிச்சு, ஆஸ்பத்திரி மட்டும் அவனைக் கையில ஏந்திக்கொண்டு போனவர். கை நடுங்கேல்ல. இன்ஷிரா அங்க வந்து இவரின்ர காலடியில இருந்து அழுதா. தொடை எலும்பு முறிஞ்சிட்டுது, தலையிலயும் காயம். உயிர் தப்பும் எண்டு டொக்டர் சொல்ல விடிஞ்சு போச்சுது.

வீட்டை வந்தம். ரீவி அப்பிடியே ஓடிக்கொண்டு கிடந்தது. இவர் கொஞ்ச நேரம் நிண்டு பார்த்தார். 'சைக்கிளில போற பிள்ளை திரும்பிப் பார்க்கலாம். இதில போறவன் திரும்பிப் பார்க்கப்படாது' எண்டார். பிறகு நிப்பாட்டினார்.

கீர்த்தனி, என்ர பிள்ளை ஜீப்பை முந்தின சந்தோசத்தில திரும்பிப் பார்த்துச் சிரிச்சவன். அந்தச் சிரிப்பை எடுத்து, எங்கட றோட்டுப் பொடியளுக்கு இப்பிடி ஓடுங்கோ எண்டு காட்டுறதுக்கு வைச்சிருக்கினம். இதை எடு. ஆரிட்டக் கேக்க வேணுமோ கேள். கேட்டுச் சரிவராட்டிக் கேக்காமல் எடு. உன்னால ஏலும் எண்டு எனக்குத் தெரியும்.

குரல் ஒண்டும் வேண்டாம்.

அக்கா


திருகோணமலை
14.09.2025

அன்பான கீர்த்தனிக்கு,

உன்னட்ட இருந்து கடிதம் இல்லை. போன் எடுத்தா அடிச்சுக்கொண்டே இருக்கு. ஏதும் வருத்தமோ? நான் கோபத்தில எழுதினதைப் பெரிசாக எடுக்காதே. சுகம் எண்டு ஒரு வரி எழுது, காணும்.

றிகாஸ் வீட்டை வந்திட்டான். கம்பு ஊண்டி நடக்கிறான். இவர் பின்னேரத்தில போய் அவனைப் பிடிச்சு வளவுக்குள்ள நடத்துறார். மற்றப் பொடியள் இப்பவும் வருகினம். இவர் வளைவில போய் நிண்டு மறிக்கிறார். சிலபேர் இறங்கித் தள்ளிக்கொண்டு போகினம். சிலபேர் நிக்கிறேல்ல.

உனக்காகப் பத்திரகாளி அம்மனுக்கு விளக்கு வைச்சனான்.

அக்கா


ரொறொன்ரோ
(புதிய முகவரி கடித உறையில்)
12.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். வருத்தம் ஒன்றும் இல்லை. உங்களை இவ்வளவு நாள் யோசிக்க வைத்ததற்கு மன்னியுங்கள். றிகாஸ் நடக்கிறான் என்று வாசித்து ஆறுதல் அடைந்தேன்.

வீடு மாறிவிட்டேன். இது ஒரு அறைதான், ஆனால் யன்னல் இருக்கிறது. வேலையும் மாறிவிட்டது. இப்போது வயது போனவர்களைப் பராமரிக்கிற இல்லம் ஒன்றில் நிற்கிறேன். நாள் முழுக்க நடை. முதுகுக்கு அது நல்லதாம். என் பழைய போன் முந்தி வேலை செய்த நிறுவனத்துடையது, அதனால் திருப்பிக் கொடுத்துவிட்டேன். புது இலக்கம் கீழே எழுதியிருக்கிறேன்.

படத்தைப் போட்டுப் பாருங்கள். பழையபடி இருக்கும். டோஹாவிலும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லா ஊரிலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். கொஞ்சக் காலத்துக்காவது அவர்களால் அதை மாற்ற ஏலாது. அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது.

எப்படி என்று கேட்காதீர்கள்.

அத்தானுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சொல்லுங்கள்.

கீர்த்தனி


திருகோணமலை
16.11.2025

அன்பான தங்கச்சி கீர்த்தனிக்கு,

மழை தொடங்கியிட்டுது. கடல் கறுத்துப்போய்க் கிடக்கு. கூரையில ஒழுகின இடத்துக்கு இவர் ஏறி ஓடு மாத்தினவர். உன்ர அறைக்குச் சூடு காணுமோ? போர்வை வாங்கினியோ?

படத்தைப் பார்த்தம். இவருக்குப் பக்கத்தில நானும் இருந்தன். சைக்கிளில எழும்பி நிண்டு உழக்கிறான். மூச்சு வாங்குது. அந்த இயந்திரச் சத்தம் இல்லாததால, ஜீப்பை முந்தேக்க அவன் 'அண்ணை, விலத்துங்கோ' எண்டு கத்துறது கேக்குது. இவர் ஒரு தரம்தான் போடச் சொன்னவர். முடிய நிப்பாட்டச் சொல்லிப்போட்டு, வளவுக்குப் பின்னால போனவர். நானும் போய்ப் பக்கத்தில நிண்டன். பிள்ளையைச் சுடலைக்குக் கொண்டுபோன அண்டைக்கும் அழாத மனிசன், அங்க நிண்டு அழுதார். பிறகு முகம் கழுவிப்போட்டு வந்து தேத்தண்ணி கேட்டார்.

போன செவ்வாய்க்கிழமை கொழும்பில இருந்து ஒருத்தர் வந்தவர். இளம் ஆள், மரியாதையானவர். சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ளுக்கு வந்தார். பிரவீனன்ர காட்சியைக் கன பேர் தேடிப் பார்க்கினமாம். அதால அவனை வேற படங்களிலயும் கொண்டுவர விருப்பமாம். கடைக்குள்ள நிக்கிறவனா, பஸ்ஸில வாறவனா, கிறிக்கெற் பார்க்கிறவனா. கையில ஒரு பொருள் இருக்குமாம். அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைப்பானாம். குரலுக்கும் புதுசாச் செய்யிற முகத்துக்கும் இவர் முந்தி வைச்ச கையெழுத்துப் போதாதாம். அதுக்காகத்தான் நேரில வந்தவராம்.

இவர் எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டார். அந்தாள் கடைசியில, நல்ல எண்ணத்திலதான் கீர்த்தனி, 'ஐயா, உங்கட மகனுக்கு இதால வயதே போகாது. இன்னும் நூறு வருசத்துக்கு இருப்பார்' எண்டு சொன்னார்.

இவர் அந்தத் தாளை எடுத்து, மடிச்சு, அவரின்ர கையிலயே குடுத்தார்.

'தம்பி, அவன் பத்தொன்பது வருசம் இருந்தவன்' எண்டார். 'அது முழுக்க அவன்ர வருசம். எங்களுக்கு அது காணும்.'

கொழும்பில இருந்து வந்தவருக்கு முகம் வாடிப்போச்சுது. நான் தேத்தண்ணி குடுத்தன். குடிச்சுப்போட்டு, போயிட்டு வாறன் அம்மா எண்டு சொல்லிப் போனார். இன்னொரு வீட்டுக்கு இன்னொரு தாளோட போவார். அங்க என்ன சொல்லுவினமோ, எனக்குத் தெரியாது. அவையளைக் குறை சொல்லவும் எனக்கு ஏலாது. நானும் ஆனி மாதம் இருக்கட்டும் எண்டுதானே எழுதினனான்.

இவர் முந்தநாள் துறைமுகத்துக்குப் போனவர். வெளியில கப்பல் ஒண்டு காத்துக்கொண்டு நிண்டதாம், அலையும் பெரிசாம். லோஞ்சில போய்வந்து நனைஞ்ச உடுப்போட வாசலில நிண்டு, உனக்குக் கடிதம் எழுதுறனோ எண்டு கேட்டார். ஓம் எண்டன். ஒரு வரி சேர்க்கச் சொன்னவர். அவர் சொன்னபடியே எழுதுறன்:

தங்கச்சி, எங்கள் இரண்டு பேருக்கும் உன்னில கோபமில்லை. மழை விட்டாப் பிறகு வீட்டை வா.

உன்ர அக்கா,
கோணேஸ்வரி